கப்பலூர் ஷெட்டில் காற்றோடு போகிற தின்னரைத் திரும்பப் பிடிப்பது எப்படி

கப்பலூர், கே.புதூர், உறங்கான்பட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள சிட்கோ எஸ்டேட்டுகளில் (அரசு அமைத்த சிறுதொழிற்பேட்டைகள்) பெயின்ட் அடிப்பவர்கள், ஸ்க்ரீன் பிரின்ட் போடுபவர்கள், ரப்பரை இரும்போடு ஒட்டுபவர்கள், ஃபைபர் தொட்டி செய்பவர்கள், யாரைப் பார்த்தாலும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "அண்ணே, அழுக்குத் தின்னரைக் காய்ச்சி எடுக்கிற மெஷின் வாங்கினா கட்டுபடியாகுமா?" தின்னர் என்பது பெயின்டை இளக்கவும் கருவிகளைக் கழுவவும் ஊற்றுகிற, சீக்கிரம் ஆவியாகிற திரவம். அதைக் காய்ச்சுவது பல இடங்களில் கட்டுபடியாகும். ஆனால் அந்த மெஷின் பிடிப்பது டிரம்முக்குள் திரவமாக வந்து சேர்ந்ததை மட்டும்தான். திறந்த டப்பாவிலிருந்தும் துடைத்த துணியிலிருந்தும் ஏற்கெனவே ஆவியாகிக் கூரைக்கு மேலே போய்விட்டதை எந்த மெஷினும் இறக்கித் தராது. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் தின்னரைத் திரவமாகவே வைத்திருப்பது, அப்புறம் காய்ச்சி எடுப்பது. முதல் பாதிக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை, லாபம் அதில்தான் அதிகம், யாரும் செய்யாததும் அதைத்தான்.

காற்றுக்கு என்ன கேடு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: தின்னரில் உள்ள டொலுவின், சைலீன், அசிடேட் போன்றவற்றின் ஆவி, வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் சேர்ந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகிறது. வெயிலுக்கும் வண்டிக்கும் மதுரையில் பஞ்சமில்லை. ஷெட்டுக்கு உள்ளே நிற்பவருக்கு இன்னும் நேரடிக் கேடு: டொலுவின் தலைவலி, மயக்கம், ஹெக்சேன் வருடக்கணக்கில் சுவாசித்தால் கைகால் நரம்பு பாதிப்பு, விலை மலிந்த தின்னரில் பென்சீன் கலந்திருந்தால் அது புற்றுநோய்க் காரணி.

முதலில் கணக்கு

ஒரு மாதத்துக்குத் தராசும் ஒரு நோட்டும் போதும். எத்தனை லிட்டர் வாங்கினீர்கள், பெயின்டில் கலக்க எவ்வளவு போனது, ஸ்ப்ரே கன் கழுவ, ரோலர் கழுவ, ஸ்க்ரீன் துடைக்க எவ்வளவு போனது, மாதக் கடைசியில் அழுக்கு டிரம்மில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதுங்கள். லிட்டராக அளப்பதைவிட எடை போடுவது சுலபம். டொலுவின் லிட்டருக்கு சுமார் 870 கிராம், எத்தில் அசிடேட் 900, அசிட்டோனும் ஐ.பி.ஏ.வும் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) 790 பக்கம். கலவைத் தின்னருக்கு ஒரு லிட்டரை நீங்களே எடை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு ஒரு சின்ன பெயின்ட் ஷெட் மாதம் 300 லிட்டர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 180 லிட்டர் பெயின்டில் கலக்கப் போகிறது, 120 கழுவுவதற்கு. மாதக் கடைசியில் அழுக்கு டிரம்மைப் பார்த்தால் 60 லிட்டர்தான் இருக்கிறது. கழுவ எடுத்ததில் மீதி 60 எங்கே? யாரும் திருடவில்லை, திறந்து வைத்த டப்பாவும் துடைக்கிற பனியன் வேஸ்ட்டும் குடித்துவிட்டன. அந்த 60 லிட்டர்தான் முதல் குறி. டிரம்மில் இருக்கிற 60 இரண்டாவது குறி, ஸ்டில்லில், அதாவது காய்ச்சி எடுக்கிற மெஷினில், போட்டால் அதில் 45, 50 லிட்டர் திரும்பி வரும். பெயின்டோடு போன 180 மூன்றாவது. அது பெயின்ட் அடிக்கிற பூத்திலும் காய்கிற இடத்திலும் முழுதாகக் காற்றுக்குப் போகிறது, அதைப் பிடிப்பது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

இந்தக் கணக்கு இல்லாமல் மெஷின் கடைக்குப் போனால் அவர்கள் 300 லிட்டரையும் காட்டி "சார், ஆறு மாசத்துல போட்ட காசு வந்துடும்" என்பார்கள். 60 லிட்டர் அழுக்குக்கு 100 லிட்டர் மெஷின் விற்பது அப்படித்தான்.

மூடி

மே மாதம் மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரை ஷெட்டுக்குள் ஒரு அகலமான பெயின்ட் டப்பாவில் அரை லிட்டர் அசிட்டோனை ஊற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வாருங்கள், மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அசிட்டோன் கொதிப்பது 56 டிகிரியில், கூரைக்குக் கீழே வெப்பம் 40ஐத் தாண்டுகிறது, வேறென்ன நடக்கும்?

எனவே கழுவும் டப்பா எல்லாவற்றுக்கும் மூடி. மூடி என்றால் மேலே அட்டையை வைப்பது அல்ல, அழுத்தினால் நிற்கிற மூடி. துணியை நனைக்க, அழுத்தினால் கொஞ்சமாக மேலே வந்து மிச்சம் உள்ளேயே வடிகிற பம்ப் கேன் கிடைக்கிறது. டப்பாவுக்குள் துணியை முக்கிப் பிழிகிற பழக்கத்தை அது ஒன்றே நிறுத்திவிடும். துடைத்த பனியன் வேஸ்ட்டைத் தரையில் குவிக்காமல், தானாக மூடிக்கொள்கிற இரும்புத் தொட்டியில் போட்டுத் தினமும் ஷெட்டை விட்டு வெளியேற்ற வேண்டும். எனாமல், வார்னிஷ் துடைத்த துணியில் ஆளிவிதை எண்ணெய் இருந்தால் குவியலுக்குள் தானாகவே சூடேறிப் பற்றும். இரவில் யாரும் இல்லாத ஷெட்டில் தீப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிரம்களை வெயிலில் நிறுத்தாதீர்கள். பத்தில் ஒரு பங்கு காலி விட்டு நிரப்புங்கள், சூட்டில் திரவம் விரியும். ஊற்றும்போது பெரிய டிரம்முக்கும் சின்ன கேனுக்கும் இடையே எர்த் ஒயர் கிளிப் போடுங்கள். டொலுவின், சைலீன் எல்லாம் மின்சாரம் கடத்தாத சரக்கு, குழாயில் ஓடும்போதே நிலைமின்னூட்டம் சேரும், ஒரு சின்னப் பொறி போதும். பிளாஸ்டிக் கேனில் ஊற்றினால் அந்த மின்னூட்டம் இறங்க வழியே இல்லை. இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது, டொலுவின் ஆவி மூன்று மடங்கு. அது தரையோடு ஊர்ந்து போய்ப் பக்கத்து வெல்டிங் இடத்தையோ கம்ப்ரஸர் சுவிட்சையோ தேடிக் கண்டுபிடித்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரைக்குப் பக்கத்தில் மட்டும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கன் கழுவுவதற்கு மூன்று டப்பா முறை. 1, 2, 3 என்று பெயின்டாலேயே எழுதிவிடுங்கள். ஒன்றில் இருப்பது அழுக்கானது, மூன்றில் புதுசு. கன்னை முதலில் ஒன்றில் அலசி, அப்புறம் இரண்டில், கடைசி அலசல் மட்டும் மூன்றில். ஒன்று கெட்டியானதும் அதை அழுக்கு டிரம்மில் ஊற்றிவிட்டு, இரண்டை ஒன்றாக்கி, மூன்றை இரண்டாக்கி, மூன்றில் மட்டும் புதுத் தின்னர். ஒவ்வொரு தடவையும் புதுசை ஊற்றிக் கழுவுவதோடு பார்த்தால் பாதிக்குப் பாதி மிச்சமாவது சாதாரணம். காற்றில் தின்னரைப் பீய்ச்சிக் கன்னைச் சுத்தம் செய்கிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். பீய்ச்சியதில் ஒரு சொட்டுகூடத் திரும்பாது.

இன்னொரு எளிய வேலை, படிய விடுவது. அழுக்குத் தின்னரை மூடிய டிரம்மில் சில நாள் அசைக்காமல் வைத்தால் நிறமி அடியில் உட்காரும், மேலே ஓரளவு தெளிந்தது நிற்கும். அதை மெதுவாக இறுத்து ஒன்றாம் நம்பர் டப்பாவுக்குப் பயன்படுத்தலாம். மின்சாரம் இல்லை, மெஷின் இல்லை, அடியிலிருந்து கொஞ்சம் உயரத்தில் குழாய் வைத்த ஒரு டிரம் போதும்.

ஆஃப்செட் பிரஸ்காரர்களுக்கு, சிவகாசிப் பக்கமும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒரு தனிக் குறிப்பு. பிளேட்டை நனைக்கிற ஃபவுன்டன் தண்ணீரில் கலக்கிற ஐ.பி.ஏ. தட்டிலிருந்தே ஆவியாகிறது. அந்தத் தண்ணீரை 10, 12 டிகிரிக்குக் குளிரவைத்தாலே செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். அதைக் காய்ச்சி எடுக்க நினைக்காதீர்கள், தண்ணீர்தான் அதிகம்.

எதை எதோடு கலக்கக் கூடாது

எல்லா அழுக்கையும் ஒரே டிரம்மில் கொட்டினால் பிறகு என்ன மெஷின் வாங்கினாலும் வருவது எதற்கும் உதவாத கலவைதான். கழுவும் தின்னருக்கு ஒரு டிரம், அசிட்டோனுக்கு ஒன்று, ஐ.பி.ஏ.வுக்கு ஒன்று, கலர் பட்டை அடித்து, தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். இரவு ஷிஃப்டில் வருகிற தம்பிக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பச்சைப் பட்டை எது, சிவப்புப் பட்டை எது என்று தெரிந்தால் போதும்.

சிலவற்றில் விளையாடவே கூடாது. ரப்பர் ஒட்டுகிற ஷெட்டுகளில் ரப்பரோடு ஒட்டுகிற இரும்புத் துண்டின் எண்ணெய் போக்கும் ட்ரைகுளோர், மெத்திலீன் குளோரைடு போன்ற குளோரின் உள்ள சரக்குகள் தனி. அவை சூட்டில் சிதைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும், ஸ்டில்லையே அரிக்கும், அலுமினியத் தூளோடு சேர்ந்தால் வேகமாக வினைபுரியும். ட்ரைகுளோர் புற்றுநோய்க் காரணி என்று உறுதியானது, முடிந்தால் அதையே விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பது நல்லது. ஃபைபர் வேலையில் ரெசினை இறுக வைக்க ஊற்றுகிற கேட்டலிஸ்ட் ஒரு பெராக்சைடு, அது அழுக்கு அசிட்டோன் டிரம்மில் விழுந்து, அந்த டிரம் ஸ்டில்லுக்குப் போனால் வெடிக்கும். இரண்டு டப்பாவாக வந்து கலந்து அடிக்கிற டூ-பேக் பெயின்டின் ஹார்டனரும் தனி, அது டிரம்முக்குள்ளேயே கட்டியாகும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது என்.சி., அதாவது நைட்ரோசெல்லுலோஸ். மர வேலைக்கான என்.சி. லாக்கர், என்.சி. பட்டி, சில பிரின்டிங் இங்க் எல்லாவற்றிலும் அது உண்டு. தின்னர் ஆவியாகி அது உலர்ந்து சூடானால் தானாகத் தீப்பிடிக்கும், காற்றை அடைத்தாலும் அணையாது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. என்.சி. கலந்த அழுக்கை வெற்றிடம் இல்லாத சாதாரண ஸ்டில்லில் போடவே கூடாது. வெற்றிட ஸ்டில்லில் போட்டாலும் தயாரிப்பாளர் என்.சி.க்கென்று எழுதிக் கொடுத்த வெப்ப வரம்புக்குள்தான் ஓட்ட வேண்டும், முழுதாக வற்ற விடக் கூடாது, அடிச்சரக்கைத் தண்ணீரில் நனைத்தே எடுக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு "நம்ம கிட்ட என்.சி. இருக்கா இல்லையா" என்று தெரியவில்லையென்றால் பெயின்ட் சப்ளையரிடம் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை ஸ்டில்லை ஆன் செய்யாதீர்கள்.

ஸ்டில்

தத்துவம் சாராயம் காய்ச்சுகிற அதே தத்துவம்தான்: அழுக்கைச் சூடாக்கு, ஆவியைக் குளிரவை, சொட்டுவதைப் பிடி, நிறமியும் பிசினும் அடியில் தங்கும். அதற்காக, "இதென்ன பெரிய வித்தை, நாமே டிரம்முக்குக் குழாய் வெல்டு அடிச்சு கேஸ் அடுப்புல ஏத்திருவோம்" என்று யாராவது பட்டறைக்காரர் சொன்னால், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். டொலுவின் ஆவி 4 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். எத்தில் அசிடேட்டும் அசிட்டோனும் அதற்கும் கீழே, பூஜ்யத்துக்குக் கீழேயே. மதுரையில் எந்த நாளும் எந்த நேரமும் இவை பற்றத் தயாராகத்தான் இருக்கின்றன. நேரடித் தீயோ சாதாரண ஹீட்டர் காயிலோ வேண்டாம். சுற்றிலும் எண்ணெய் ஜாக்கெட் உள்ள, மோட்டார், சுவிட்ச், பேனல் எல்லாம் ஃப்ளேம்ப்ரூஃப் (உள்ளே பொறி வந்தாலும் வெளியே தீ பரவாத) சான்றிதழ் பெற்ற மெஷின்தான் வேண்டும்.

சின்ன ஷெட்டுக்கு 20 முதல் 60 லிட்டர் வரை ஒரு தடவைக்குப் பிடிக்கிற பேட்ச் ஸ்டில் சரி. உள்ளே வெப்பம் தாங்கும் பையைப் போட்டு ஊற்றுகிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள், முடிந்ததும் அடிச்சரக்கைப் பையோடு தூக்கிவிடலாம், சுரண்டுகிற வேலை மிச்சம். சுரண்டல் வேலை ஒரு மாதத்தில் சலித்து, அந்த மெஷின் மூலையில் துணி போர்த்திக் கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

என்ன வெப்பத்தில் எது வரும் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். அசிட்டோன் 56, ஹெக்சேன் 69, எத்தில் அசிடேட் 77, எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) 80, ஐ.பி.ஏ. 82, டொலுவின் 111, பியூட்டைல் அசிடேட் 126, சைலீன் 137 முதல் 144 வரை, பியூட்டைல் செல்லோசால்வ் 171. எண்ணெயின் சூடு இவற்றைவிட 30, 40 டிகிரி கூடுதலாக இருந்தால்தான் ஓட்டம் வரும். சைலீனுக்கு மேலே போனால் எண்ணெய் ரொம்பச் சூடாக வேண்டும், பிசின் கருகும், நாற்றம் சரக்கில் ஏறும். அதற்குத்தான் வெற்றிட பம்ப். அழுத்தத்தை 100 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இறக்கினால் டொலுவின் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் தின்னரில் சைலீன், செல்லோசால்வ் அதிகமென்றால் வெற்றிடம் வைத்த மாடலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம். வெறும் அசிட்டோன், எத்தில் அசிடேட் என்றால் தேவையில்லை. வெற்றிடத்தில் அவற்றைக் குளிரவைத்துப் பிடிப்பதே கஷ்டம், பம்ப் வழியாக வெளியே போய்விடும்.

இப்போது மதுரைக்கே உரிய தொல்லை: ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்குகிற கண்டென்சருக்கு ஓடும் தண்ணீர். மெஷின் கையேட்டில் தண்ணீர் 25 டிகிரி என்று போட்டிருப்பான். நம் ஊரில் சித்திரை, வைகாசி மதியத்தில் மாடி டேங்க் தண்ணீரில் கையை வைக்க முடியாது. அந்தத் தண்ணீரை ஓட்டினால் அசிட்டோன் ஆவி கண்டென்சரைத் தாண்டி நேராக வென்ட் வழியாக வெளியேறும். காசு கொடுத்து மின்சாரம் எரித்துக் காற்றில் விடுகிற வேலை அது. எனவே ஸ்டில்லை விடியற்காலையில் ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடியுங்கள். அசிட்டோன், ஹெக்சேன் மாதிரி லேசான சரக்குக்குச் சின்ன சில்லர் கட்டாயம். டொலுவினுக்குக் கூலிங் டவர் தண்ணீர் போதும். சொட்டி வருகிற சரக்கைக் குழாயில் தொட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் தண்ணீர் போதவில்லை.

போர் தண்ணீர் உப்பு. திருமங்கலம் பக்கம் போட்ட போர்களைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்டென்சர் குழாய்க்குள் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பு, குளிர்விப்பதை மெல்ல மெல்லக் கெடுக்கும், ஒரு நாள் திடீரென்று "முன்ன மாதிரி வரலையே" என்று தோன்றும். சாஃப்ட்னர் தண்ணீரையே மூடிய சுற்றில் ஓடவிடுவது சிறந்தது. படிந்துவிட்டால் சிட்ரிக் அமிலக் கரைசலை ஓட்டிக் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தின்றுவிடும்.

மின்வெட்டு வந்தால்? ஹீட்டர் நின்றாலும் எண்ணெய் சூடாகவே இருக்கும், உள்ளே கொதிப்பு இன்னும் கொஞ்ச நேரம் தொடரும், ஆனால் தண்ணீர் பம்ப் நின்றிருக்கும். அந்த இடைவெளியில் ஆவி முழுக்க ஷெட்டுக்குள் வரும். ஆகவே கரண்ட் போனாலும் தானாக இறங்குகிற ஒரு மேல்நிலைத் தொட்டி கண்டென்சருக்கு இருக்க வேண்டும், தண்ணீர் ஓடாவிட்டால் ஹீட்டரை அணைக்கிற இன்டர்லாக் இருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு இபி ஷட் டவுன் அறிவித்த நாளில் ஸ்டில்லுக்கு லீவு.

ஓட்டும்போது பாத்திரத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஊற்றாதீர்கள், நுரை எழுந்து பெயின்டோடு கண்டென்சருக்குள் போகும். முதலில் வருகிற கொஞ்சத்தில் தண்ணீரும் லேசான சரக்கும் இருக்கும், தனியாகப் பிடியுங்கள். டொலுவினோடு தண்ணீர் வந்தால் கேனில் இரண்டு அடுக்காக நிற்கும், அடியில் இருக்கும் தண்ணீரை இறக்கிவிடலாம். ஐ.பி.ஏ.வில் தண்ணீர் கலந்திருந்தால் அந்த வழி கிடையாது. எத்தனை தடவை காய்ச்சினாலும் 88 சதவீதம் பக்கத்தில் நின்றுவிடும், இரண்டும் 80 டிகிரியில் சேர்ந்தே கொதித்து வரும். துடைக்கும் வேலைக்கு அந்த 88 தாராளம். ஓட்டம் சொட்டுச் சொட்டாகக் குறைந்ததும் நிறுத்துங்கள். கடைசி லிட்டருக்கு ஆசைப்பட்டு வறட்டினால் பிசின் கருகும். ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

மின்செலவுக்கு ஒரு கணக்கு. 50 லிட்டர் டொலுவின், 43 கிலோ. அதைச் சூடாக்கி ஆவியாக்கக் கணக்குப்படி 6 யூனிட். எண்ணெய், பாத்திரம், வெளியே போகும் சூடு எல்லாம் சேர்த்து 9, 10 யூனிட் என்று வையுங்கள். திரும்பி வருவது, அழுக்கின் கெட்டியைப் பொறுத்து, 35 முதல் 45 லிட்டர். நீங்கள் தின்னர் வாங்கும் விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை, ஆள் நேரம்தான் செலவு.

வந்ததை எங்கே பயன்படுத்துவது

முதல் சில மாதங்களுக்குக் கழுவ மட்டும். அதுவே நீங்கள் வாங்கும் அளவைக் குறைத்துவிடும். பெயின்டில் கலக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுமை தேவை, ஏனென்றால் கலவைத் தின்னர் திரும்பி வரும்போது பழைய கலவையாக இருக்காது. லேசானது ஏற்கெனவே டப்பாவிலிருந்து பறந்திருக்கும், கனமானது கொஞ்சம் அடியில் தங்கியிருக்கும்.

சோதிப்பதற்கு லேப் வேண்டியதில்லை. ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி பார்த்துப் புதுத் தின்னரோடு ஒப்பிடுங்கள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு உலர வையுங்கள், வட்டமாகக் கறை நின்றால் பிசின் ஏறி வந்திருக்கிறது. பெயின்டில் வழக்கமான விகிதத்தில் கலந்து அடியில் துளையுள்ள பி4 கப்பில் ஊற்றி, வடிந்து முடிய எத்தனை விநாடி என்று எண்ணுங்கள், புதுத் தின்னரில் வருகிற விநாடி வர வேண்டும். அப்புறம் ஒரு தகட்டில் அடித்து உலரும் நேரம் பாருங்கள். ஐப்பசி மழை நாளில் அடித்த பெயின்ட் வெள்ளை பூத்தால் தின்னரில் தண்ணீர் இருக்கிறது அல்லது வேகமாக உலர்கிறது, கொஞ்சம் பியூட்டைல் அசிடேட் சேர்த்தால் சரியாகும். புதுசோடு நாலில் ஒரு பங்கு என்று தொடங்கி, பிரைமருக்கு முதலில், டாப் கோட்டுக்குக் கடைசியில். கஸ்டமர் சாம்பிள் கொடுத்து ஒப்புக்கொண்ட வேலைக்கு, அவரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள்.

எங்கே கலவை இல்லாமல் ஒரே சால்வென்ட் (கரைப்பான்) பயன்படுகிறதோ அங்கே இந்தத் தலைவலி எதுவும் இல்லை. எத்தில் அசிடேட் மட்டும் ஓடும் பேக்கேஜிங் வரிசை, அசிட்டோன் மட்டும் கழுவும் ஃபைபர் ஷெட் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள். கலவையை விட்டு ஒற்றைச் சால்வென்ட்டுக்கு மாற முடியுமா என்று சப்ளையரிடம் கேட்டுப் பாருங்கள், கழுவும் வேலைக்காவது.

பூத்திலிருந்து போகிறது

அந்த 180 லிட்டருக்கு வருவோம். பெரிய ஆலைகளில் ஆக்டிவேட்டட் கார்பன் கரி நிரப்பிய தூண் வைத்து ஆவியைப் பிடித்து, நீராவி விட்டுத் திரும்ப எடுக்கிறார்கள். ஆவி அடர்த்தியாக, ஒரே வகையாக, நாள் முழுக்க வந்தால் அது நன்றாக வேலை செய்யும். சின்ன பூத்தில் காற்று ஏராளம், தின்னர் துளி. நூறு கிலோ ஆக்டிவேட்டட் கார்பன் பத்து, இருபது கிலோ தின்னரைப் பிடித்ததும் நிரம்பிவிடும். பாய்லர் இல்லாதவர் அதை என்ன செய்வார்? நிரம்பிய கரியே அபாயக் கழிவாகிவிடும். எம்.இ.கே. மாதிரி கீட்டோன்கள் கரியில் சூடேற்றித் தீயே வைத்த கதைகள் உண்டு. எனவே சின்ன ஷெட்டுக்கு நான் கார்பனைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதற்குப் பதிலாகக் கலக்குவதைக் குறையுங்கள். குறைந்த அழுத்தக் காற்றில் அடிக்கிற எச்.வி.எல்.பி. கன்னுக்கு மாறினால் பொருளில் ஒட்டாமல் பறக்கும் பெயின்ட் குறையும், தின்னரும் அதோடு குறையும். கெட்டியான, திடப்பொருள் அதிகமுள்ள பெயின்ட்டைச் சூடாக்கி அடிக்கலாம். கேட், கிரில், பீரோ என்றால் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பிவிடுங்கள், அதில் தின்னரே கிடையாது. அடுப்பில் உலர்த்துகிறவர்கள் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: எக்ஸாஸ்ட்டைக் குறைத்துச் சூட்டை மிச்சப்படுத்த நினைத்து அடுப்புக்குள் ஆவியைச் சேரவிடக் கூடாது. டொலுவின் காற்றில் ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினாலே வெடிக்கும் எல்லை வந்துவிடும், அடுப்பில் அதில் நாலில் ஒரு பங்குக்குக் கீழேயே வைத்திருப்பது வழக்கம்.

அடிச்சரக்கும் பேப்பர் வேலையும்

பையோடு தூக்கிய அந்தக் கெட்டிச் சரக்கு, 2016ஆம் வருட அபாயக் கழிவு விதிகளின்படி அபாயக் கழிவு. கெட்டுப்போன சால்வென்ட்டும் அப்படியே. கண்மாய்க் கரையில் கொட்டுவதும், ராத்திரியோடு ராத்திரியாக எரிப்பதும் நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அதில் மிஞ்சியிருக்கிற தின்னர் காற்றுக்கும் கிணற்றுக்கும் போகிறது, பிடிபட்டால் கதவுக்குச் சீல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். எரியும் சக்தி இருப்பதால் சிமென்ட் சூளைக்கு எரிபொருளாகப் போக வாய்ப்பு உண்டு, மற்றவை கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற கழிவு மையத்துக்குப் போகும். ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10 மேனிஃபெஸ்ட் (கழிவை அனுப்பியதற்கான சீட்டு) வாங்கி ஃபைலில் வையுங்கள். ஷெட்டுக்குள் 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. சின்ன அளவில் கழிவு வருபவர்கள் கேட்டால் வாரியம் அதை நீட்டித் தரலாம், ஆனால் எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்டில் வாங்கி வைத்துவிட்டு அனுமதி கேட்காதீர்கள். அபாயக் கழிவு அனுமதியில் உள்ளேயே மீட்டுப் பயன்படுத்துவதைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்து, 1981ஆம் வருடக் காற்றுச் சட்டப்படி இருக்கிற இயக்க இசைவிலும் மெஷினைக் காட்டிவிட்டு, அப்புறம் இறக்குங்கள். டொலுவின், ஹெக்சேன் போன்ற, எளிதில் பற்றுகிற ஏ வகைப் பெட்ரோலியம் 30 லிட்டருக்கு மேல் வைத்திருந்தால் பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் தேவை, மீட்டெடுத்த சரக்கும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெத்தனால் கலந்த தின்னர் என்றால் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் துறையின் தனி உரிமம் தேவைப்படலாம். அந்தத் தலைவலியே வேண்டாம் என்று மெத்தனால் இல்லாத சரக்காகக் கேட்டு வாங்குவது உத்தமம்.

முதல் மாதம் தொடங்கிய அந்த நோட்டை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் போட்டது எத்தனை கிலோ, வந்தது எத்தனை, அடியில் நின்றது எத்தனை என்று மூன்று எண். போட்டதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது காற்றுக்குப் போனது. அந்த நாலாவது எண் ஒரு பேட்ச்சில் திடீரென்று ஏறினால் கேஸ்கெட்டையும் கண்டென்சரையும் பாருங்கள். ஜூன் 30க்குள் வாரியத்துக்குப் போட வேண்டிய படிவம் 4 ஆண்டுக் கணக்குக்கும் இதே நோட்டுதான் உதவும்.